பட்டாளத்து வீட்டம்மாவின் மீட்டர்

என் தோழி பட்டாளத்து வீட்டம்மாவை ‘மதினி’ என்று கூப்பிட்டதை நான் முதலில் கேட்டது மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது. கீழே தெருவில், டிரான்ஸ்பார்மர் கம்பத்துக்கு எதிரே, செல்போன் அளவில் ஒரு மஞ்சள் கருவியைக் கையில் ஏந்தியபடி அவள் நின்றிருந்தாள். என் தோழி அவள் தோளோடு ஒட்டி நின்று அந்தத் திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மதினி, இன்னும் செத்த நேரம் இங்கனயே பிடிங்க. நம்பரு ஓடிக்கிட்டே இருக்கு.”

நனைந்த சேலையைப் பிழியாமல் கொடியில் போட்டுவிட்டேன். என் கால் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

என்னை அவள் இத்தனை வருஷமும் அக்கா என்றுதான் கூப்பிட்டாள். அக்கா என்றால் மரியாதை. தலைவலி மாத்திரை எது, பேங்க்கில் எந்த பாரம், பெண்ணை எந்த காலேஜில் சேர்ப்பது என்று அக்காவிடம் கேட்கலாம். மதினியிடம் வேறு மாதிரி. கேலி பேசலாம், புருஷனைக் குறை சொல்லிச் சிரிக்கலாம், சும்மா இடுப்பில் கிள்ளலாம். தெருவுக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஒருத்திக்கு அந்த இடம் கிடைத்திருந்தது.

நானும் தோழியும் இராஜபாளையத்தில் ஒட்டு வீடுகளில் இருக்கிறோம். ஒரு காலத்தில் அது ஒரே வீடு. அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது நடுவில் ஒரு சுவர் எழுப்பினார்கள்; பிறகு இருவரும் விற்றுவிட்டு ஊரை விட்டுப் போனார்கள். ஒரு பாதியை நாங்கள் வாங்கினோம், மறுபாதியை என் தோழி வீட்டார். அவள் புருஷனுக்குப் போலீஸில் வேலை. மாவட்டம் மாவட்டமாக மாற்றலாகிப் போய்க்கொண்டிருப்பார். ஒரே மகளும் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்ட பிறகு அவளுக்குப் பேச்சுத் துணை நான்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீல் ஆபீஸில் எனக்கு டைப்பிங் வேலை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் வீட்டுக்குப் போகமாட்டேன். அவள் வீட்டுக்குத்தான் போவேன். டீ போட்டு வைத்திருப்பாள். வாரத்துக்கு ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வாங்கி வருவேன். காகிதத்தைப் பிரித்து, ஆளுக்குப் பாதியாக, கதவோரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு முடிப்போம்.

அந்த வருஷம் சித்திரை மாசம் அவள் மகள் உண்டாகியிருக்கிறாள் என்று சேதி வந்தது. வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வருவதாக முடிவாயிற்று. அன்றிலிருந்து என் தோழிக்கு ஒரே கவலை, தெருமுனை டிரான்ஸ்பார்மர். அது அவர்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் எதிரே நின்றது. போனில் யாரோ ஏதோ வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். கரண்டிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஏதோ வருகிறதாம், பச்சைக் குழந்தைக்கு ஆகாதாம்.

முதலில் அவள் கேட்டது என்னிடம்தான். இதை நான் மறக்கவில்லை.

“அக்கா, நீங்க பிஸிக்ஸ் படிச்சவுகதான? அது என்னமும் செய்யுமா?”

“ஏட்டி, படிச்சவ சொல்றேன், ஒண்ணும் செய்யாது. எம்புட்டுப் பேரு டிரான்ஸ்பார்மர் பக்கத்துல குடியிருக்காக. போய் வேலையப் பாரு.”

நான் சொன்னதில் தப்பில்லை. டிரான்ஸ்பார்மரிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போனாலே அதன் காந்தப்புலம் வெகுவாகக் குறைந்துவிடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் முகம் தெளியவில்லை. டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதே கேள்வியை அவள் எதிர் வரிசைக்குப் புதிதாகக் குடிவந்தவளிடமும் கேட்டிருக்கிறாள். அந்தப் பெண்ணுக்குப் பிறந்த ஊர் வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரம். புருஷன் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் ஊராக ராணுவக் குடியிருப்புகளில் இருந்துவிட்டு, இங்கே ஒரு மில்லில் அவருக்குக் காவல் அதிகாரி வேலை கிடைத்ததால் வந்திருந்தார்கள். தெருவில் எல்லோரும் அவளைப் பட்டாளத்து வீட்டம்மா என்றார்கள். முன்பு குடியிருந்த ஊரில் வீட்டு மாடிக்கு நேரே செல்போன் டவர் நின்றதாம். பயந்து சாவதைவிட அளந்து பார்த்துவிடலாம் என்று ஆன்லைனில் ஒரு மீட்டர் வாங்கியிருக்கிறாள். ஒரு சாதாரண மிக்ஸி வாங்கும் காசுகூட ஆகவில்லையாம்.

அவள் என் தோழியிடம் ஒண்ணும் ஆகாது என்று சொல்லவில்லை. “பயமா இருக்குன்னா அளந்து பாத்துருவோமே மதினி” என்றாளாம். இதை என் தோழியே என்னிடம் வந்து சொன்னாள், மூச்சு வாங்க, சந்தோஷமாக.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மொட்டைமாடியிலிருந்து நான் பார்த்தது அன்று காலையில்தான். வீட்டுக்குள் அளக்கும்போது என்னையும் கூப்பிட்டார்கள். கூப்பிடாமல் இருந்திருக்கலாம் என்று அப்போது நினைத்தேன். கூப்பிடாமல் இருந்திருந்தால் அதற்கும் பொருமியிருப்பேன்.

பட்டாளத்து வீட்டம்மா உயரமாக, சதைப்பிடிப்பில்லாமல் இருந்தாள். பேச்சில் அலட்டல் கிடையாது. மீட்டரில் ஒரு பொத்தானை அழுத்தினால் மின்புலம், இன்னொரு தடவை அழுத்தினால் காந்தப்புலம், மறுபடி அழுத்தினால் செல்போன் டவர், வைஃபையிலிருந்து வரும் அலை. மூன்றும் வேறு வேறு, குழப்பிக்கொள்ளக் கூடாது என்று என் தோழிக்குச் சொல்லிக்கொடுத்தாள். கல்லூரியில் இந்தப் பாடத்தில் நல்ல மார்க் வாங்கியவள் நான். இத்தனை வருஷத்தில் என் தோழிக்கு அதில் ஒரு வரியாவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

படுக்கையறை ஜன்னலருகே வைத்தாள். காந்தப்புலம் ஒரு மைக்ரோ டெஸ்லாவில் சிறு பங்குதான் காட்டியது. சமையலறையில் மிக்ஸியை ஓடவிட்டு அதன் பக்கத்தில் கொண்டுபோனதும் எண் எகிறியது, மீட்டர் சிவப்பாகிக் கத்தியது. என் தோழி வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

“பயப்படாதீக மதினி. இங்க பாருங்க.” ஓர் எட்டு பின்னால் வந்தாள். எண் சரிந்தது. இன்னோர் எட்டு வைத்தாள். ஒன்றுமில்லாமல் போனது. “தள்ளி நின்னா தீந்துச்சு. அம்புட்டுத்தான்.”

என் தோழி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சொன்னதும் அதேதானே. தள்ளி இருந்தால் ஒன்றும் இல்லை. நான் சொன்னபோது யாரும் என் கையைப் பிடிக்கவில்லை.

கடைசியில் மறுபடி படுக்கையறைக்கு வந்தார்கள். ஜன்னல் பக்கமும் பயமில்லைதான், ஆனாலும் உங்கள் மனத்திருப்திக்குக் கட்டிலை இந்தப் பக்கம் போட்டுக்கொள்ளுங்கள் என்று எதிர்ச்சுவரைக் காட்டினாள். அங்கேயும் மீட்டரை நீட்டிப் பார்த்தாள். ஜன்னலைவிடக் குறைவாகவே இருந்தது. நாங்கள் மூவருமாகக் கட்டிலை இழுத்து அந்தச் சுவரோடு சேர்த்துப் போட்டோம். அது எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் பொதுவான சுவர்.

அதற்குப் பிறகு என் சாயங்காலங்கள் மாறின. பஸ்ஸை விட்டு இறங்கி வந்தால் அவள் வீட்டில் பூட்டுத் தொங்கும். பின்தெருவில் ஒரு வீட்டு மாடிக்கு மேல் ஹைடென்ஷன் கம்பி போகிறது, பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒருத்தர் வீட்டுக்கு எதிரே டவர் வந்திருக்கிறது, யாரோ சொல்லிவிட்டார்கள், அளக்கப் போயிருக்கிறார்கள். திரும்பி வரும்போது இருவரும் சிரித்துக்கொண்டே வருவார்கள். ஒரு வாரம் நான் வாங்கி வந்த பால்கோவாவை அவள் மூன்றாகப் பங்கு வைத்தாள். ஒரு பங்கைக் கிண்ணத்தில் போட்டு மூடி, “இது மதினிக்கு” என்றாள். என் பங்கைக் காகிதத்திலேயே மடித்து வைத்துவிட்டேன். அடுத்த வாரம் பால்கோவா வாங்கவில்லை. கடையில் கூட்டம் என்று சொன்னேன்.

ஒரு மீட்டர்தானே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. நானும் ஒன்று வாங்கிவிடலாம். ஆனால் அதே மீட்டரை வாங்கினால் நான் அவளைப் பார்த்துச் செய்த மாதிரி ஆகிவிடும். அதனால் வேறு வழி தேடினேன். போனில் காந்தப்புலம் அளக்கும் ஆப் இருக்கிறது, காசே வேண்டாம் என்று ஆபீஸில் யாரோ சொன்னார்கள். இறக்கிக்கொண்டேன். வீட்டுக்குப் போனதும் பொதுச்சுவர் அருகே போனை நீட்டினேன். நாற்பது என்று காட்டியது. நாற்பது மைக்ரோ டெஸ்லா.

அவள் மீட்டர் ஒன்றைக்கூடத் தொடாத இடத்தில் என் போன் நாற்பது காட்டுகிறது. எனக்கு வந்தது பயமில்லை. ஒரு குதூகலம். ஓடிப்போய்த் தோழியின் கதவைத் தட்டினேன்.

“ஏட்டி, உங்க மதினி மீட்டரு ரிப்பேரு போல. இங்க பாரு.”

அவள் அதிர்ந்துபோனாள். அன்று சாயங்காலமே மெத்தையைச் சுருட்டி முன்னறைக்குக் கொண்டுவந்துவிட்டாள். நான்தான் ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தேன்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஆசைக்கு அந்த ஆப்பைத் திறந்தேன். வக்கீல் ஆபீஸில் நாற்பது. இரும்புப் பீரோ பக்கம் போனால் தாறுமாறாக ஏறி இறங்கியது. கோர்ட்டு வளாகத்து வேப்பமரத்தடியில் நாற்பதுக்குக் கொஞ்சம் மேலே. எனக்கு ஏதோ உறுத்தியது. கோயில் தேர் நிற்கும் பக்கமாக நடந்து, கம்பியோ கம்பமோ இல்லாத ஒரு திறந்த வெளியில் நின்று பார்த்தேன். அங்கேயும் நாற்பது.

பூமி. திசைகாட்டி முள்ளை வடக்கே இழுக்கிற அதே காந்தம். போனுக்குள் இருப்பது திசை பார்க்க வைத்த சென்சார். ஒரே நிலையாக நிற்கும் காந்தப்புலம்தான் அதற்குத் தெரியும். கரண்டால் உண்டாகும் புலம் நொடிக்கு ஐம்பது தடவை முன்னும் பின்னுமாகப் புரள்வது. அதைப் பிடிக்க அந்தச் சென்சாருக்கு வகையில்லை. வீட்டுக்குள்ளும் வெளியிலும் ஒரே எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். அவளை மட்டம் தட்டுகிற அவசரத்தில் தோன்றவில்லை. வெயிலில் அங்கேயே நின்றேன். தேங்காய் விற்கிறவர், “என்னம்மா, சிக்னல் கிடைக்கலயா?” என்று கேட்டார்.

அன்றைக்கே தோழியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டால் அவள் பிள்ளைத்தாய்ச்சி மகளையும் முன்னறையில் படுக்கவைப்பாள்.

“அது பூமியோட காந்தம். நான்தான் தப்பாப் பாத்துட்டேன்.”

அவள் முன்னறையில் கிடந்த மெத்தையைத் திரும்பிப் பார்த்தாள். “அப்ப மதினி சொன்னதுதான் சரியா?”

“ஆமா” என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு எத்தனை கஷ்டமாக இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. மெத்தையை மறுபடி உள்ளே தூக்கிப் போட்டோம்.

விட்டிருக்கலாம். விட மனம் வரவில்லை. வீட்டில் கிடந்த பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைத் தூசி தட்டினேன். ஸ்டேஷன் கிடைக்காத இடத்தில் முள்ளை வைத்துவிட்டு அறை அறையாகக் கொண்டுபோனால், மலிவான எல்ஈடி பல்பு, போன் சார்ஜர் பக்கத்தில் அது கரகரவென்று இரையும். கேட்க வேடிக்கையாக இருந்தது. ஆனால் இரைச்சலுக்கு எண் கிடையாது. எனக்கு எண் வேண்டியிருந்தது.

அப்புறம்தான் கல்லூரி லேப் ஞாபகம் வந்தது. கம்பிச் சுருள் ஒன்றைக் காந்தப்புலத்தில் பிடித்தால், புலம் புரளப் புரளச் சுருளில் மின்னழுத்தம் உண்டாகும். அதை ஒரு மல்டிமீட்டரில் படித்துவிடலாம். மல்டிமீட்டர் எங்கள் வீட்டிலேயே இருந்தது. என் வீட்டுக்காரர் மில்லில் ஃபிட்டர். மில்லிவோல்ட் வரைக்கும் காட்டுகிற நல்ல மீட்டராக வைத்திருந்தார். சுருள் மட்டும்தான் வேண்டும்.

தென்காசி ரோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடைக்குப் போனேன். முடி மாதிரி மெல்லிய கம்பியில், டம்ளர் வாயளவு வட்டத்தில், சுற்ற முடிகிற மட்டும் சுற்றித் தரச் சொன்னேன்.

“எந்த மோட்டாருக்கும்மா?”

“மோட்டாருக்கு இல்ல.”

அவர் என்னை ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டு, ஒரு தண்டவாளத் துண்டால் அழுத்திவைத்திருந்த கம்பி உருளைகளில் ஒன்றை எடுத்தார். இரண்டு நாள் கழித்து, மேலே நூல் கட்டி வார்னிஷ் பூசிக் கொடுத்தார். வடை மாதிரி இருந்தது. கம்பிக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

அதை மல்டிமீட்டரில் மாட்டி மிக்ஸி பக்கத்தில் பிடித்தபோது எண் துள்ளியது. சுருளைப் படுக்கப்போட்டால் ஓர் எண், நிமிர்த்தினால் வேறோர் எண், பக்கவாட்டில் திருப்பினால் இன்னொன்று. மூன்று பக்கமும் திருப்பிப் பார்த்தால்தான் முழுசாகத் தெரியும். எனக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. பட்டாளத்து வீட்டம்மா அவள் மீட்டரை எப்போதும் ஒரே மாதிரிதான் பிடிக்கிறாள், முகத்துக்கு நேரே, திரை தெரிகிற மாதிரி. அவளுடையதற்குள்ளும் இந்த மாதிரி ஒற்றைச் சுருள்தானே இருக்கும்? அப்படியானால் அவள் பார்த்தது பாதிதான்.

அன்று முழுக்க டைப்பிங்கில் தப்புத் தப்பாக அடித்தேன்.

அந்த வாரம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து கரண்ட் நிறுத்தும் நாள் வந்தது. நான் லீவு போட்டேன். டிரான்ஸ்பார்மர் செத்துக் கிடக்கும்போது என் சுருள் பூஜ்யம் காட்டும், கரண்ட் வந்ததும் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தால் டிரான்ஸ்பார்மரின் பங்கு எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்லிவிடலாம். இதை அவள் யோசிக்கவில்லை, நான் யோசித்துவிட்டேன். சுருளோடு தோழி வீட்டுக்குப் போனால், அங்கே அவள் முன்பே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“இது என்னக்கா, வடை மாதிரி?” என்றாள் என் தோழி.

விளக்கினேன். பட்டாளத்து வீட்டம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டாள். “நீங்களே செய்யச் சொன்னீகளாக்கா?” என்றாள். அவள் குரலில் இருந்த மரியாதை எனக்கு எரிச்சலூட்டியது.

மூவரும் படுக்கையறைக்குப் போனோம். மின்விசிறி ஓடவில்லை. ஜன்னலருகே சுருளைப் பிடித்தேன். ஒன்றுமில்லை. மூன்று பக்கமும் திருப்பினேன். ஒன்றுமில்லை. “பாத்தியா, டிரான்ஸ்பார்மர் இப்ப செத்துக் கிடக்கு” என்று சொல்லிக்கொண்டே கட்டில் பக்கம் வந்தேன். தலைமாட்டில், சுவரோரமாகச் சுருளை இறக்கினேன்.

எண் ஏறியது. சுருளைப் படுக்கவைத்தேன். இன்னும் ஏறியது.

“கரண்டே இல்லையேக்கா” என்றாள் தோழி.

பட்டாளத்து வீட்டம்மா வீட்டுக்கு ஓடிப்போய்த் தன் மீட்டரைக் கொண்டுவந்தாள். எப்போதும் போல நேராகப் பிடித்தாள். கொஞ்சம்தான் காட்டியது. நான் சொல்லி, அதைப் படுக்கவைத்துப் பிடித்தாள். எண் குபுக்கென்று ஏறி, மீட்டர் சிவப்பாகிக் கத்தியது. அவள் முகம் வெளுத்தது. கட்டிலை இங்கே போடச் சொன்னவள் அவள்தான்.

அந்த ஒரு நொடியை நான் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எனக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது. அவள் தப்பு, நான் சரி, அதுவும் என் தோழியின் கண் முன்னால்.

அடுத்த நொடி, சுவருக்கு அந்தப் பக்கம் டிவி சத்தம் கேட்டது. இரவு ஷிப்டு முடித்து வந்த என் வீட்டுக்காரர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் யார் வீட்டிலும் கரண்ட் இல்லை. எங்கள் வீட்டில் மட்டும் டிவி ஓடியது, மின்விசிறியும் ஓடியது.

பட்டாளத்து வீட்டம்மா சுவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. அவள் வாயைத் திறக்கவில்லை. நான் சொல்லட்டும் என்று எனக்கு இடம் விட்டாள் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அதுவும் பிடிக்கவில்லை.

“எங்க வீட்டு இன்வெர்ட்டர்” என்றேன். “இந்தச் சுவத்துக்கு அந்தாண்டதான் வச்சிருக்கோம்.”

தோழிக்கு முதலில் விளங்கவில்லை. “உங்க வீட்டுல இருந்தாக்கா வருது?”

“ஆமாட்டி. சுவத்தால அதைத் தடுக்க முடியாது.”

அவள் கட்டிலின் மேல் உட்கார்ந்தாள். கோபப்படவில்லை. தலையணையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அதைத் தடவிக்கொண்டிருந்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

பட்டாளத்து வீட்டம்மாதான் பேசினாள். “அக்கா மேல தப்பில்ல மதினி. கட்டில இங்க போடச் சொன்னது நானு. அன்னைக்கு அளக்கயில அவுக பேட்டரி சார்ஜ் நெறஞ்சு சும்மா கெடந்திருக்கும், நானும் ஒரு பக்கமாப் பிடிச்சுட்டுப் போயிட்டேன். இப்ப கூட இது ஆபத்துங்குற அளவெல்லாம் இல்ல. அதுக்கு எம்புட்டோ கீழதான். ஆனா பச்சப்பிள்ள தலமாட்டுல இது எதுக்கு?”

எனக்காக அவள் பரிந்து பேசினாள். அவளை வெறுக்க எனக்கு ஒரு காரணமும் மிச்சம் வைக்கவில்லை.

உடனே வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “இன்வெர்ட்டரு பாட்டுக்கு அது கெடக்கு, அதைப் போயி” என்று இழுத்தார். சுருளை அதன் அருகே பிடித்து எண்ணைக் காட்டினேன். கரண்ட் வந்ததும் ஒயரை நீட்டி, இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் பின்கட்டில் துணி துவைக்கும் கல் பக்கம் இருந்த அலமாரி அடிக்கு மாற்றினார். பேட்டரியை ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் நானும் தூக்கினோம். சாயங்காலம் தோழி வீட்டில் மறுபடி அளந்தோம். இன்வெர்ட்டரை வேண்டுமென்றே ஓடவிட்டு, கட்டில் தலைமாட்டில் சுருளையும் மீட்டரையும் மூன்று பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். இரண்டும் அடங்கிக் கிடந்தன.

என் தோழி இருவருக்கும் டீ கொடுத்தாள். முதலில் யாருக்குக் கொடுக்கிறாள் என்று நான் பார்த்தேன். அவளுக்குத்தான்.

புரட்டாசி கடைசியில் மகள் வந்தாள். அந்தக் கட்டிலில்தான் படுத்தாள். பிள்ளை பிறந்தது. வீடு முழுக்கச் சாம்பிராணி வாசனையும் குழந்தை அழுகையும். தோழிக்குத் தெருவைப் பார்க்கவே நேரமில்லை. அளக்கக் கூப்பிடுகிற வீடுகளுக்குப் பட்டாளத்து வீட்டம்மா தனியாகப் போய்வந்தாள்.

ஒருநாள் அவள் என் கதவைத் தட்டினாள். முதல் தடவையாக.

“ஸ்ரீவில்லிபுத்தூர்ல எங்க சொந்தக்காரவுக வீடு இருக்குக்கா. வீட்டு ஒயரிங்குல என்னமோ கோளாறு, ஒரு ரூம்புல மட்டும் எங்க பிடிச்சாலும் நம்பரு அப்படியே நிக்குது, தள்ளிப் போனாலும் கொறய மாட்டேங்குது. எனக்குப் புரியல. உங்க காயிலக் கொண்டுக்கிட்டு ஒரு எட்டு வாரீகளா?”

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் ‘தள்ளிப் போனாலும் குறையவில்லை’ என்றது என்னைப் பிடித்துக்கொண்டது. போகும் கரண்ட் ஒரு ஒயரிலும் திரும்பும் கரண்ட் வேறு சுற்று வழியிலும் போனால் அப்படி இருக்கும். இரண்டு ஒயரும் சேர்ந்தே போனால் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். இதைச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் வாசலிலேயே நின்று கேட்டாள். “அப்ப ஒவ்வொரு சுவிட்சா அணைச்சுப் பாத்தா எந்த லைனுன்னு தெரிஞ்சுரும்ல?” என்று அவளே முடித்தாள்.

சனிக்கிழமை இருவரும் பஸ்ஸில் போனோம். அந்த வீட்டில் சுவிட்சை ஒவ்வொன்றாக அணைத்து, சுருளை ஒயர் போகும் வழியெல்லாம் கொண்டுபோனோம். மாடி விளக்கின் ஒரு ஒயர் மேலேயிருந்தும் இன்னொன்று கீழே வேறொரு சுவிட்ச் பெட்டியிலிருந்தும் வந்து ஒரு விளக்கில் சேர்ந்திருந்தது. எலக்ட்ரீசியனை வரச்சொல்லி மாற்றும்படி சொன்னோம். அந்த வீட்டுக்காரர் எங்கள் இருவரையும் ‘டீச்சரம்மா’ என்றார். இருவரும் மறுக்கவில்லை.

திரும்பும் வழியில் அவள் தன்னைப் பற்றிச் சொன்னாள். ஊர் ஊராகப் போனதில் எந்த ஊரிலும் இரண்டு வருஷத்துக்கு மேல் ஒரு தோழி நிலைத்ததில்லை என்றாள். புது ஊருக்குப் போனால் மீட்டரை எடுத்துக்கொண்டு தெருவில் நின்றால் போதும், யாராவது வந்து என்ன என்று கேட்பார்கள், பேச்சுத் தொடங்கிவிடும் என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மலை மேல் மேகம் இறங்கியிருந்தது. என் பொறாமை போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அவள் என் தோளில் தலை சாய்த்துத் தூங்க ஆரம்பித்தபோது, தோளை அசைக்காமல் வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

தெருவுக்குள் இருவரும் சேர்ந்து நுழைந்தபோது என் தோழி பேரனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். எங்களைப் பார்த்ததும் தட்டுவதை நிறுத்தினாள்.

“எங்க போயிட்டு வாரீக, ரெண்டு பேரும்?”

“ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, மதினி. அக்கா காயிலு இல்லன்னா நடந்திருக்காது” என்றாள் பட்டாளத்து வீட்டம்மா.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே.”

“பிள்ளையை வச்சுக்கிட்டு நீ எங்கட்டி வரப் போற?” என்றேன்.

“வாரேனா இல்லையாங்கிறது பொறவு. சொல்லியிருக்கலாம்ல.” அவள் உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை, ஆனால் எங்களை உள்ளே வா என்றும் சொல்லவில்லை. உள்ளே அவள் மகளிடம், “அவுகளுக்கு இப்ப நாம வேண்டாதவுக” என்று சொல்வது தெருவுக்கே கேட்டது.

பட்டாளத்து வீட்டம்மா சங்கடத்தோடு என்னைப் பார்த்தாள். போய்ச் சமாதானம் சொல்லிவிட்டு வரலாம் என்றாள்.

“செத்த நேரம் கழிச்சுப் போவோம்” என்றேன். முதலில் என் வீட்டுக்கு வாருங்கள், டீ போடுகிறேன் என்று அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். அடுப்பைப் பற்றவைக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் என் தோழி பாத்திரத்தை டமாரென்று வைக்கும் சத்தம் கேட்டது. அவள் எங்களுக்காக ஏங்குகிறாள் என்று தெரிந்து, டீயில் வழக்கத்தைவிட ஒரு கரண்டி சர்க்கரை அதிகமாகப் போட்டேன்.